தாடைக்குள் இன்னொரு கோடு

நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறக்கச் சொன்னேன். அவர் திறக்கவில்லை. வீங்கியிருந்த இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "டாக்டர், மொதல்லயே சொல்லிடுறேன். எனக்கு ஊசி கேக்காது" என்றார்.

பெயர் பவானி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஜோகூர் பாருவை ஒட்டிய உலு திராமில் குடியிருக்கிறார். தொழிற்சாலைப் பெண்களை வேனில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஸ்கூடாயில் என் கிளினிக் இருக்கும் கடை வரிசையில் வேனை நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தார். கன்னத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை அடக்கி வைத்தது போல இருந்தது முகம்.

"எத்தனை நாளா வீக்கம்?"

"இந்தத் தடவ நாலு நாளு. இதுக்கு முன்னாடியும் வந்து வந்து வத்திரும். கிராம்புத் தைலம், உப்புத்தண்ணி, வலி மாத்திரைன்னு ஓட்டிட்டேன்."

"இவ்வளவு வீங்குற வரைக்கும் ஏன் வரல?"

"பயம் லா டாக்டர்." சிரிக்கப் பார்த்தார், கன்னம் விடவில்லை. "ஆறாம் வகுப்பு படிக்கறப்ப ஒரு பல்லு புடுங்குனாங்க. ஸ்கூலுக்கே பல்லு பஸ் வந்துச்சு. ஊசி கேக்கல, ஊசி கேக்கலன்னு சொன்னேன். அந்த டாக்டர் சிரிச்சாங்க. 'யாரும் கேட்டு ஊசி போடுறதில்லம்மா, கேக்காமத்தான் போடுவோம்'னு சொல்லிட்டுப் புடுங்கிட்டாங்க. அதோட சரி. இந்த நாற்காலி பக்கம் நான் வந்ததே இல்ல."

"எந்த ஸ்கூல்?"

"லாயாங் லாயாங் பக்கத்துல. தோட்டத்து ஸ்கூல்."

கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தேன். அது கிணுங்கென்று சத்தம் போட்டது. முகக்கவசம் அணிந்திருந்ததற்காக என் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அந்த டாக்டர் நான்தான்.

பேருந்துக்குள் ஒரு காலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் படிப்பு முடிந்த கதையை எழுதியிருந்தேன். எத்தனை பெருமையாக எழுதினேன் என்று இப்போது திருப்பிப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெருமையோடு நான் போய் இறங்கிய இடத்தை இந்த வாரம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புது டாக்டர்களை அரசாங்க வேலைக்கு அனுப்புவார்கள். எனக்குக் குளுவாங் வட்டாரம் வாய்த்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போகும் பல் மருத்துவப் பேருந்தில் போட்டார்கள். உள்ளே ஒரே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, வெளியே உறுமும் ஜெனரேட்டர். கிராம்பெண்ணெயும் டீசலும் கலந்த வாடை சட்டையிலிருந்து போகவே போகாது. காற்று திரும்பினால் செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடையும் சேர்ந்துகொள்ளும்.

அந்தத் தோட்டத்துப் பள்ளியில் பெயர்ச்சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மதியத்துக்குள் எல்லோரையும் பார்த்து முடித்துவிட வேண்டும். தாடை எலும்பின் மேடு பள்ளங்களுக்கெல்லாம் உள்ள லத்தீன் பெயர்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. தமிழ்தான் அங்கே இல்லை.

எங்கள் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். அப்பச்சிக்கு ஜோகூர் பாருவில் துணிக்கடை. அப்பச்சியும் ஆத்தாவும் தமிழில் கேட்பார்கள், பிள்ளைகள் நாங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வோம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் படிப்பு.

அந்தப் பெண்ணுக்குக் கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல் வேர் வரை சொத்தை. எடுத்தே ஆகவேண்டும். ஊசி போட்டேன். கீழ்த்தாடை ஊசி வேலை செய்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துக் கீழுதடு மரத்திருக்க வேண்டும். உதடு மரத்தால் பல்லும் மரத்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"உதடு தடிச்சிருக்கா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

இடுக்கியைப் பல்லில் வைத்ததும் துள்ளினாள். பஞ்சு அடைத்த வாயோடு, "ஊசி கேக்கல, ஊசி கேக்கல" என்றாள். ஊசி வேண்டுமென்று நான் கேட்கவில்லையே என்று அவள் முறையிடுவதாக என் காதில் விழுந்தது. அதற்குத்தான் 'கேக்காமத்தான் போடுவோம்' என்ற அந்தப் பகடி. உடனிருந்த மிஸ்ஸியும் சிரித்தார். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அவள் கை எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. மிஸ்ஸி அந்தக் கையை இறக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பல்லை எடுத்தேன்.

படிக்கட்டின் கீழே அவள் அம்மா காத்திருந்தார். உரம் போடும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கை வரை வெள்ளைத் தூள். அவரிடம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். "ஊசி நல்லா வேலை செஞ்சிச்சும்மா. வலியே இருக்காது. உங்க பொண்ணு நல்லா நடிக்கிறா."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அந்தப் பேருந்தில் சொல்தான் முதலில் போனது.

ஆத்தாவின் முட்டி

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆத்தா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்தத் தைலம் எனக்குக் கேக்கலடி, வேற வாங்கிட்டு வா" என்றார்.

செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றுவிட்டேன். தைலம் கேக்கல. மருந்து கேக்கல. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்குது, இருமலுக்குக் கசாயம் கேட்கல என்று பிறந்தது முதல் காதில் விழுந்த பேச்சு. ஊசி கேக்கல என்றால் ஊசி வேலை செய்யவில்லை. அந்தக் குழந்தை எனக்கு வலிக்கிறது என்று எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பிப் போயிருக்கலாம். அந்தத் தோட்டம் ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. ஆனால் திங்கட்கிழமை வேறு பள்ளி, அடுத்த வாரம் வேறு. போய் என்ன சொல்வது என்ற வெட்கமும் இருந்தது. வெட்கம்தான் பெரிதாக இருந்தது, வேலை அதற்கொரு சாக்கு. அதன் பிறகு தமிழை உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்தப் பத்தியை நான் தமிழில் எழுதுவதைப் பாராட்டி எழுதும் வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன், அதன் ஆரம்பம் இதுதான்.

இரண்டு ஓட்டைகள்

பவானிக்கு முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்தேன். மோவாயைத் தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். ஒரே படத்தில் காதிலிருந்து காது வரை மொத்தத் தாடையும் விரிந்து கிடக்கும்.

வீக்கத்துக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது. இடது கீழ் ஞானப்பல் நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு எலும்புக்குள் படுத்திருந்தது. அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் முன்னால் ஒரு பல்லின் இடம் காலி. அந்த இடத்தை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

கீழ்த்தாடை எலும்புக்குள் சிறு குழாய் ஒன்று ஓடுகிறது. பல்லுக்கும் உதட்டுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. எக்ஸ்ரேயில் அது இரண்டு மெல்லிய வெள்ளை ஓரங்களுக்கு நடுவே கறுத்த பாதையாகத் தெரியும். பவானியின் இடது பக்கத்தில் அந்தப் பாதைக்கு மேலே இன்னொரு கோடு தெரிந்தது. மங்கலான கோடு. கண்ணை இடுக்கினால் இருந்தது, விரித்தால் இல்லை.

சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம். நிழலோடு நிழல் விழுந்து இல்லாததையும் காட்டும், இருப்பதையும் மறைக்கும். அதனால் கிருமிக்கு மருந்து கொடுத்து, முப்பரிமாண ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தேன். ஞானப்பல்லின் வேர் நரம்பை உரசிக்கொண்டிருந்தால், தெரியாமல் கை வைப்பது ஆபத்து. உதடு காலத்துக்கும் மரத்துப்போகலாம்.

ஸ்கேனில் தாடையை ரொட்டி நறுக்குவது போல வில்லை வில்லையாக நறுக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு வில்லையிலும் நரம்புக் குழாய் ஒரு சின்னக் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். வலது பக்கம் முழுக்க ஓர் ஓட்டைதான். இடது பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்திலிருந்து இரண்டு ஓட்டைகள். குழாய் பின்பக்கத்திலேயே கிளை பிரிந்து, இரண்டாவது கிளை கடைவாய்ப்பற்களை நோக்கிப் போயிருந்தது.

எல்லாத் தாடையும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. சிலருக்கு இப்படி இருக்கும். வழக்கமான ஊசி பெரிய கிளையை மரக்க வைத்துவிடும், உதடு தடிக்கும். சின்னக் கிளை மருந்து படாமல் தப்பித்துக்கொண்டால் பல்லுக்கு உயிர் இருக்கும். அன்று அந்தப் பேருந்தில் நடந்தது இதுவாக இருக்கலாம். புது டாக்டரின் ஊசி சரியான இடத்தில் இறங்காமலும் போயிருக்கலாம். இது இருக்கிறது என்று மட்டுமே படம் சொல்லும், இதனால்தான் என்று சத்தியம் செய்யாது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டாவது ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பு என்னுடையது இல்லை, எலும்பினுடையது. அந்தக் காலத்தில் இந்த ஸ்கேன் யாரிடம் இருந்தது? அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. குழாயைப் பார்க்க எனக்கு அன்று இயந்திரம் இல்லாமல் இருந்திருக்கலாம். அவள் சொன்னதைக் கேட்க எந்த இயந்திரமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அந்த ஒரு வாரம்

என்னிடம் பல வருடமாக இருக்கும் மிஸ்ஸி தேவகியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையுறைப் பெட்டிகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"அலமாக்" என்று பதறினார். பிறகு, "மொதல்ல பல்ல எடுத்துடுங்க டாக்டர். அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா ஓடிப் போயிருவாங்க லா."

"ஓடினா வேற டாக்டர்கிட்ட அனுப்பலாம்."

"எங்கயும் போக மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் என் பயமும். மாத்திரையில் வீக்கம் வற்றும், ஆனால் படுத்திருக்கும் பல் அங்கேயே இருக்கும். மறுபடி வீங்கும்போது கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைக்கும். இத்தனை வருடம் கழித்து ஒருவர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என் மனப்பாரத்தை இறக்கிவைப்பதற்காக அவரை விரட்டிவிடலாமா?

அதே சமயம், யார் கையில் வாயைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே அவர் கையெழுத்துப் போடுவதும் சரியாகப் படவில்லை. ஒரு முறை அவர் சம்மதம் இல்லாமல் செய்தாயிற்று. இரண்டாவது முறையும் அப்படியா? ஆறு நாள் இப்படியே போனது.

ஏழாம் நாள் பவானி வந்தார். வீக்கம் வற்றியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. படத்தைத் திரையில் போட்டு இரண்டு ஓட்டைகளையும் பென்சில் நுனியால் காட்டினேன். உதடு மரத்தும் பல் மரக்காமல் போவது எப்படி என்று விளக்கினேன். ஊசியை வழக்கமான இடத்துக்கு மேலே, குழாய் பிரிவதற்கு முன்னால் போடலாம், பல்லைச் சுற்றியும் தனியாகப் போடலாம், பயமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் முழு மயக்கத்தில் எடுக்கவும் எழுதிக்கொடுக்கிறேன் என்றேன்.

அவர் ஊசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரைக்கு அருகே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் நடிக்கல" என்றார்.

"இல்ல."

"அந்த டாக்டர் எங்க அம்மாகிட்ட, நான் நடிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அம்மா ரோட்டுலயே அறைஞ்சாங்க. வாயில ரத்தம் இன்னும் நிக்கல. டாக்டர் முன்னாடி மானத்த வாங்கிட்டியேன்னு." நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டார். "அதுக்கப்புறம் எனக்கு எங்க வலிச்சாலும் மொதல்ல எனக்கே சந்தேகம் வரும் டாக்டர். நெசமா வலிக்குதா, நானா பண்றேனான்னு. பிள்ள பெத்தப்பகூட அப்படித்தான், சத்தமே போடல."

அறை விழுந்தது எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறேன்.

முகக்கவசத்தைக் கழற்றினேன். "பவானி, அந்த டாக்டர் நான்தான்" என்றேன். தேவகி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் தவறாகக் கேட்டதையும், நான்கைந்து நாளிலேயே அது புரிந்துவிட்டதையும், புரிந்தும் திரும்பி வராததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் எதையோ அடையாளம் தேடுவது போல இருந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவரே அவிழ்த்தார், நான்காக மடித்து நாற்காலியில் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னேன்ல" என்றார் தேவகி. கோபமாகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்

இரண்டு நாள் தொலைபேசி அடித்தபோதெல்லாம் அவராக இருக்குமோ என்று நினைத்தேன். தேவகி கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைத் திறந்து திறந்து பார்த்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் காலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு வயதான அம்மாள், பூப்போட்ட கைலியும் சட்டையுமாக, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை.

"எங்க அம்மா" என்றார் பவானி. "என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்லுங்க. அந்தப் படத்தையும் காட்டுங்க."

காட்டினேன். முதலில் இருந்து சொன்னேன். உங்கள் பெண் அன்று பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது, புரியாமல் தவறாகச் சொன்னது நான்தான் என்றேன். திரையில் இரண்டு ஓட்டைகளும் அருகருகே இருந்தன. அந்த அம்மாள் அவற்றை ஒரு முறைதான் பார்த்தார்.

"படிச்சவங்க சொன்னீங்க. நம்பிட்டேன்" என்றார் என்னிடம். "பெத்த புள்ள சொன்னுச்சு. நம்பல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "எந்தக் கன்னத்துல அடிச்சேன்?"

"விடுங்கம்மா."

"எந்தக் கன்னம்டி?"

"பல்லு புடுங்குன பக்கம்" என்றார் பவானி.

அந்த அம்மாள் கையை மகளின் கன்னத்தருகே கொண்டுபோனார். தொட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டேன். அழுதுகொண்டு ஊசி போட முடியாது.

ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கட்டுமா என்று மறுபடியும் கேட்டேன். "வேணாம். நீங்களே எடுங்க" என்றார் பவானி. அம்மாவை வெளியே போகச் சொல்லவில்லை. தேவகி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கால்மாட்டில் போட்டார்.

ஊசியை மேலே போட்டேன். பல்லைச் சுற்றியும் போட்டேன். நிதானமாகக் காத்திருந்தேன். உதட்டை மட்டும் நம்பாமல், கூர்முனையால் ஈறை ஒவ்வோர் இடமாகத் தொட்டு, குத்துதா குத்துதா என்று கேட்டுக்கொண்டே போனேன். இல்லை இல்லை என்று தலையசைத்தார். "வலிச்சா இடது கையத் தூக்குங்க. நான் உடனே நிறுத்திடுவேன்" என்றேன்.

ஈறைத் திறந்து எலும்பைத் தொட்ட மறுநொடியே கை உயர்ந்தது. நிறுத்தினேன். கருவியை வெளியே எடுத்தேன்.

"வலிக்குதா? எந்த இடம்?"

அவர் வாயிலிருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டார். "வலிக்கல டாக்டர். நீங்க நிறுத்துறீங்களான்னு பாத்தேன்."

அன்று அவர் நான்கு முறை கை தூக்கினார். நான்கு முறையும் நிறுத்தினேன்.